பேட்டரிக்கு ஒரு மெத்தை

"அது மெத்தைப்பா! பேட்டரிக்கு யாராவது மெத்தை தைப்பாங்களா?"

"மெத்தைன்னு சொல்லாத. குஷன்."

"ரெண்டும் ஒண்ணுதான்!"

"ஒண்ணு இல்ல. இங்க பாரு, ஓரம் முழுக்க நாடா உருட்டிப் பைப்பிங் குடுத்திருக்கேன். மெத்தைக்கு எவன் பைப்பிங் குடுப்பான்?"

போல்ட்டு தலையில் அடித்துக்கொண்டாள். கையுறையில் இருந்த அழுக்கு நெற்றியில் அப்பியது. அப்பா அதைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் அவளுக்கு எரிச்சல் இன்னும் ஏறியது.

சின்ன வயதிலிருந்தே பையில் மரையும் ஆணியும் கலகலக்க நடப்பவள் என்பதால் வீட்டில் அவளுக்கு அந்தப் பெயர். அப்பாவுக்குக் குஷன் கடை. பேருந்து சீட், பைக் சீட், சோபா, பல் டாக்டரின் சாய்வு நாற்காலி, எது வந்தாலும் தைப்பார். உலகத்தில் உள்ள எல்லாப் பிரச்சினைக்கும் அவரிடம் ஒரே மருந்துதான் உண்டு. கீழே ஸ்பாஞ்ச், மேலே ரெக்ஸின், சுற்றி இரட்டைத் தையல். வீட்டுக் கதவு அடித்துக்கொண்டால் கதவுக்குக் குஷன். மிக்ஸி அலறினால் மிக்ஸிக்குக் குஷன். அம்மா கோபமாக இருந்தால்கூட ஒரு தலையணை தைத்துக்கொண்டு வந்து நிற்கிற ஆள்.

வண்டி விஷயத்துக்கு வருவோம். போர்டிகோவில் நிற்கிற அந்தக் கார், போல்ட்டு பிறப்பதற்கு முன்பே பழசாகிவிட்டது. உருண்டை மூக்கு, தவளைக் கண். அதற்குப் பேட்டரி முன்னால் இல்லை. பின்சீட்டுக்கு அடியில், வலது மூலையில், வண்டியின் தரைத் தகட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும். திங்கட்கிழமை காலை வண்டியைத் தகுதிச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். எதற்கும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று சனிக்கிழமை சீட்டைத் தூக்கிப் பார்த்தவளுக்குத்தான் இந்தக் காட்சி. நீல நிற ரெக்ஸின் குஷனில் பேட்டரி ராஜா மாதிரி வீற்றிருந்தது. மேலே தொப்பி போல ஓர் உறை. இடுப்பில் தையல் போட்ட துணி பெல்ட், அதற்குப் பளபளவென்று ஒரு கொக்கி வேறு.

இதை வேடிக்கை பார்க்கிற நிலையில் அவள் இல்லை. அம்மா ஏற்கெனவே கறாராகச் சொல்லிவிட்டாள். இந்தத் தடவையும் வண்டி சோதனையில் தேறவில்லை என்றால் வீட்டில் அதற்கு இடம் கிடையாது. அம்மாவின் தம்பி ஓர் ஆளையும் பார்த்து வைத்திருக்கிறார். பழைய கார்களைக் கழுத்து வேறு கால் வேறாகப் பிரித்து விற்கிற ஆள். போல்ட்டுக்கோ அந்த வண்டிதான் எல்லாம். அதன் ஹாரன் ஒயரை மாற்றிய அன்றைக்குத்தான் தனக்கு எது வரும் என்று அவளுக்கே தெரிந்தது.

"சரி, தண்ணி எவ்வளவு ஊத்துனீங்க?"

"நிறைய."

"நிறையன்னா?"

"வாய் வரைக்கும். அரைகுறையா ஊத்துற பழக்கமெல்லாம் எனக்கு இல்ல."

"அப்பா, அதுல கோடு போட்டிருக்கான். அதுக்கு மேல ஊத்தக் கூடாது. சார்ஜ் ஏறும்போது பொங்கி வழியும். வழியறது வெறும் தண்ணியா? ஆசிட்!"

"வழியட்டும். அதுக்குத்தானே ஸ்பாஞ்ச் வெச்சிருக்கேன்? ஒரு சொட்டு தரையில விழாது."

போல்ட்டு வாயைத் திறந்தாள். மூடினாள். மறுபடியும் திறந்தாள். "குடிச்ச ஸ்பாஞ்ச் அதை என்னப்பா பண்ணும்? ஆவியா மாத்தி அனுப்பிடுமா? தகட்டோட ஒட்டி வெச்சு ஊற வெச்சுக்கிட்டே இருக்கும். தரையில சிந்தியிருந்தாக்கூட நான் கழுவியிருப்பேன். நீங்க ஆசிட்டுக்குப் படுக்கை போட்டுக் குடுத்திருக்கீங்க!"

"வண்டி குலுங்கும்போது உள்ள டக்கு டக்குன்னு சத்தம் கேட்டுச்சும்மா. பாவமா இருந்துச்சு."

"அதை இழுத்துப் பிடிக்கத்தான் ஒரு இரும்புச் சட்டம் இருந்துச்சு. ரெண்டு கொக்கிக் கம்பி இருந்துச்சு. அதெல்லாம் எங்க?"

"அது குஷனைக் கீறுச்சு. கழட்டிட்டேன். இப்ப பெல்ட் இருக்கே! யானையையே கட்டலாம். அசையவே அசையாது. பாக்குறியா?"

"வேணாம்ப்பா."

"பாரு."

"அப்பா, வேணாம்."

சொன்னால் கேட்டால்தானே. அப்பா உறையைக் கழற்றி எறிந்தார், அவள் பெல்ட்டைப் பார்க்க வேண்டுமாம். பின்சீட்டை எடுத்து அதன் இடத்தில் பொருத்தினார். ஏறி உட்கார்ந்தார். சின்னப் பிள்ளை மாதிரி தொம் தொம் என்று குதித்தார்.

"அசையுதா? சொல்லு. அசையுதா?"

இரண்டு குதி தாங்கியது. மூன்றாவதில் அடியில் 'பொட்' என்று ஒரு சத்தம். ஆசிட் ஏற்கெனவே தின்று வைத்திருந்த பெல்ட்டின் நூல் அத்தனையும் ஒரே நேரத்தில் விட்டுக்கொடுத்தது. பேட்டரி ஒருபக்கமாகச் சாய்ந்தது. சீட்டின் ஸ்பிரிங் கம்பி அதன் தலையில் உரசியது. 'சட்சட்' என்று நீலப் பொறி. அடுத்த நொடி கருகிய ஸ்பாஞ்ச் வாடை.

அப்பா வெளியே வந்ததை இறங்கினார் என்று சொல்ல முடியாது. பறந்தார். போல்ட்டு ஒரே இழுப்பில் சீட்டைப் பிடுங்கிப் போர்டிகோவுக்கு வெளியே வீசினாள். ஸ்பேனரைத் தேடி, மரையைத் தளர்த்தி, எர்த் ஒயரை முதலில் கழற்றினாள். சீட்டின் அடியில் கருகிய வட்டம் ஒன்று புகைந்துகொண்டிருந்தது. அதன் மேல் வாளித் தண்ணீரை ஊற்றினாள்.

"பின்னாடி தீஞ்சிருக்கா, பாரு," என்றார் அப்பா, திரும்பி நின்று.

"பேன்ட்டுக்கு ஒண்ணும் ஆகல."

"நல்லவேளை. புதுசு."

"நல்லவேளையா? அம்மா உக்காந்திருந்தா? ஓடுற வண்டியில அம்மா பின்னாடி உக்காந்திருந்தா?"

பதில் வந்தது வாசலிலிருந்து.

"நான் எங்க உக்காந்திருந்தா?" அம்மா புகை வாடைக்கு வெளியே வந்திருந்தாள். இடுப்பில் கை. "என்ன எரியுது?"

இருவரும் ஒரே குரலில் "ஒண்ணுமில்ல" என்றார்கள். அப்பாவும் பெண்ணும் ஒத்துப்போகிற ஒரே சந்தர்ப்பம் இதுதான் என்பது அம்மாவுக்குத் தெரியும். அவள் நகரவில்லை.

வேறு வழியில்லாமல் அம்மாவின் முன்னாலேயே பேட்டரியைத் தூக்க வேண்டியதாகிவிட்டது. பேட்டரி வந்தது. குஷன் வரவில்லை. போல்ட்டு குஷனின் ஓரத்தைப் பிடித்து மெதுவாக உரித்தாள். அதோடு தரைத் தகடும் வந்தது. வறுத்து மறந்துபோன அப்பளம் மாதிரி, பழுப்பாக, பொரபொரவென்று, அடுக்கடுக்காக. தட்டு அளவுக்கு ஓட்டை. அந்த ஓட்டை வழியாக அம்மா ஆசை ஆசையாகப் போட்ட பளிங்குத் தரை தெரிந்தது.

அம்மா குனிந்து பார்த்தாள். பளபளத்த கல்லின் நடுவே வெண்குஷ்டம் பிடித்தது போல் ஒரு திட்டு. தொட்டால் சொரசொரத்தது.

"இது எப்ப வந்துச்சு?"

"ஆசிட்டும்மா. ஓட்டை வழியா..."

"தேய்ச்சா போயிடுமா?"

போல்ட்டுக்குப் பொய் சொல்ல வராது. "போகாது. கல்லையே தின்னிருக்கு."

அம்மா கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கத்தவில்லை. "திங்கக்கிழமை," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"பாத்தியா? உன்னாலதான்," என்றார் அப்பா.

"என்னாலயா!"

"நீ சீட்டைத் தூக்காம இருந்திருந்தா அவ பாத்திருக்கவே மாட்டா."

இதற்கு மேல் பேசினால் கொலை விழும் என்று போல்ட்டு சமையலறைக்குப் போனாள். சமையல் சோடா டப்பாவை முழுசாகத் தூக்கிக்கொண்டு வந்தாள். வாளியில் கரைத்து, ஓட்டையைச் சுற்றி ஊற்றினாள். புஸ்ஸென்று நுரை பொங்கியது. ஊற்ற ஊற்ற இன்னும் பொங்கியது. நுரை வருகிறவரைக்கும் ஆசிட் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். நுரை அடங்கும்வரை ஊற்றினாள். அப்பா பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "அடேயப்பா, இன்னும் ஊத்து, இன்னும் ஊத்து" என்று ரசித்துக்கொண்டிருந்தார். அவர் செய்த வேலைக்குத்தான் இந்த நுரை என்பதை அவர் மறந்தே போய்விட்டார்.

"தள்ளி உக்காருங்க, கண்ணுல தெறிக்கும்."

"கண்ணாடி போட்டிருக்கேனே."

"அது பேப்பர் படிக்கிற கண்ணாடிப்பா!"

குஷனைத் தனி வாளியில் சோடாத் தண்ணீரில் அமுக்கி வைத்தாள். அது அமுங்க மறுத்து மேலே மேலே வந்தது. கல்லை வைத்து அழுத்தினாள். அது ஒருபக்கமாகத் தலையைத் தூக்கியது. தைத்தவரைப் போலவே பிடிவாதம்.

அடுத்தது வெல்டர். தெருமுனையில் பட்டறை வைத்திருப்பவர். எப்போது கூப்பிட்டாலும் "இதோ வந்துட்டேன்" என்பார். அதனால் தெருவில் எல்லோருக்கும் அவர் இதோ அண்ணன். அவருடைய 'இதோ'வுக்கு எல்லையே கிடையாது. அன்றைக்கு மதியம் சாப்பாட்டு நேரம் தாண்டி, வெயில் சாய்ந்து, போல்ட்டு இரண்டு தடவை பட்டறைக்கே போய் வாசலில் நின்ற பிறகு, ஒரு வழியாக ஆடி அசைந்து வந்து சேர்ந்தார். ஓட்டையில் தலையை விட்டுப் பார்த்தார்.

"இவ்வளவுதானா தங்கச்சி? மேல ஒரு தகடு வெச்சு நாலு இடத்துல ஒட்ட வெச்சு, பெயின்ட் அடிச்சா முடிஞ்சுது."

"அண்ணே, சுத்தி இருக்கிறதெல்லாம் செத்துப்போன தகடு. அதுமேல எப்படி ஒட்டும்? நல்ல இரும்பு வர்ற வரைக்கும் வெட்டணும்."

"வெட்டிக்கிட்டே போனா வண்டியே இருக்காது."

"பரவால்ல, வெட்டுங்க."

"உங்கப்பாவைக் கேளு."

"அப்பாவைக் கேட்டதாலதான் இந்த நிலமை!"

இதோ அண்ணன் சுத்தியல் காம்பால் தட்டிக்கொண்டே போனார். டங், டங், டங் என்று வந்த ஓசை ஓரிடத்தில் சொத் என்று மாறியது. முன்சீட்டுக்குப் பக்கம் வரைக்கும் சொத் சொத் என்றே கேட்டது. அவர் நிமிர்ந்தார்.

"இந்தக் கார்ப்பெட்டுக்கு அடியில என்ன இருக்கு?"

போல்ட்டு அப்பாவைப் பார்த்தாள். அப்பா மேற்கூரையைப் பார்த்தார்.

"அப்பா. என்ன இருக்கு?"

"கொஞ்சம் பஞ்சு. மேல கம்பளம். உள்ள உக்காந்தா சத்தமே கேக்கக் கூடாதுன்னு..."

"எவ்வளவு தூரம்?"

"ஃபுல்லா."

இதோ அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டார். "பஞ்சு இருந்தா நான் நெருப்பு வெக்க மாட்டேன். எல்லாத்தையும் எடுத்து வைங்க. காலையில இதோ வந்துடறேன்." போய்விட்டார்.

கம்பளத்தின் ஒரு மூலையைப் போல்ட்டு தூக்கிப் பார்த்தாள். பஞ்சு ஈரமாக இருந்தது. ஈரத்துக்குக் கீழே செந்நிறப் புள்ளிகள், பரவத் தொடங்கியிருந்தன. இங்கே ஓட்டை இல்லை, இப்போதே எடுத்தால் காப்பாற்றிவிடலாம். கட்டர் கத்தியை எடுத்தாள்.

"நில்லு," என்றார் அப்பா.

அந்தக் குரலில் கேலி இல்லை. குஷன் விஷயத்தில் விட்டுக்கொடுத்தவர் இதில் விடுகிற மாதிரி தெரியவில்லை.

"பேட்டரிக்குத் தைச்சது தப்புன்னு ஒத்துக்கறேன். இதை விடு. ஒவ்வொரு வளைவுக்கும் தாள்ல அளவெடுத்து வெட்டித் தைச்சது. கியர் கம்பியைச் சுத்தி ஒரு மடிப்பு இருக்கும் பாரு, அந்த மடிப்பை எவனும் தைக்க முடியாது. கடையில நின்னவனெல்லாம் வேடிக்கை பாத்தான்."

"அப்பா, அடியில துரு."

"கொஞ்சம் துருதானே."

"இன்னும் கொஞ்ச நாள்ல அதுவும் ஓட்டை ஆயிடும். திங்கக்கிழமை அவங்க வண்டிக்கு அடியில ஊசி வெச்சுக் குத்திப் பாப்பாங்க. வெல்டிங் பண்ணலைன்னா சோதனையே இல்ல. சோதனை இல்லைன்னா மாமா கூட்டிட்டு வர்ற ஆள் வந்து நிப்பான். அவன் உங்க மடிப்பைப் பாத்துக் கை தட்டுவான்னு நினைக்கிறீங்களா?"

"அப்ப நீயே கிழி. நான் இருந்து பாக்கமாட்டேன்." செருப்பை மாட்டிக்கொண்டு கடைப்பக்கம் விறுவிறுவென்று நடந்தார்.

போனால் போகட்டும் என்று போல்ட்டு கத்தியை அழுத்தினாள். அழுத்தத்தான் பார்த்தாள். கை இறங்கவில்லை. கியர் கம்பியைச் சுற்றி அந்த மடிப்பு, ரோஜா இதழ் மாதிரி, ஒன்றின் மேல் ஒன்றாக வளைந்து உட்கார்ந்திருந்தது. இவ்வளவு அழகாகத் தைக்கத் தெரிந்த மனிதருக்கு, எங்கே தைக்கக் கூடாது என்பது மட்டும் ஏன்தான் தெரிய மாட்டேன் என்கிறது? அவளுக்கு அழுகை வந்தது. அழுகையா கோபமா என்று அவளுக்கே தெரியவில்லை.

"என்ன, கிழிக்கலையா?" வாசற்படியில் அம்மா.

"வரமாட்டேங்குதும்மா."

"கத்தியைக் கீழ வை. அந்தாள் தைச்சதைக் கிழிச்சா கோணலாத்தான் கிழியும்." அம்மா இறங்கி வந்தாள். வண்டிக்குள் தலையை நுழைத்து, கம்பளத்தின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டே போனாள். கதவோரமாக ஓரிடத்தில் நின்றாள். "எங்க ஆரம்பிச்சாலும் கடைசி முடிச்சை இடது பக்கம் கதவுக்கிட்டதான் போடுவாரு. எங்க வீட்டுத் தலையணை அத்தனையும் பிரிச்சுப் பஞ்சு மாத்தினவ நான். இந்தா, இதை இழு."

போல்ட்டு இழுத்தாள். நூல் நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. ஒரு கீறல் இல்லாமல் கம்பளம் தனியாக, பஞ்சு தனியாகக் கழன்றது.

"உனக்குத்தான் வண்டியே பிடிக்காதே?"

"பிடிக்காது. போகணும்னுதான் சொல்றேன். ஆனா அந்தாளோட வேலையைக் கிழிச்சுப்போட்டுட்டுப் போக வேணாம்." அம்மா எழுந்து கையை உதறினாள். "என் சோடா டப்பா எங்க? காலி பண்ணிட்டியா? அப்பனும் மகளும் சேர்ந்து என் வீட்டை..." மீதியை உள்ளே போய்ச் சொன்னாள்.

அப்பா திரும்பி வந்தபோது கையில் துணியில் சுற்றிய எதையோ வைத்திருந்தார். பிரித்தார். பேட்டரியை இறுக்கிப் பிடிக்கிற பழைய இரும்புச் சட்டம், இரண்டு கொக்கிக் கம்பிகளோடு.

"இவ்வளவு நாளா எங்க இருந்துச்சு?"

"கடையில. கத்தரிக்கோல் மாட்டி வெச்சிருந்தேன். நல்ல சட்டம், வீணாப் போகக் கூடாதுன்னு..."

போல்ட்டு சட்டத்தை வாங்கித் துருவைத் தட்டினாள். அப்பாவின் பார்வை, சுருட்டி வைத்திருந்த கம்பளத்தின் மேல் விழுந்தது. எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மடிப்பு அப்படியே இருந்தது. அடிப்பக்கத்தைத் தொட்டார். விரலைத் தேய்த்துப் பார்த்தார்.

"ஈரமா இருக்கு."

"ம்."

"எல்லாமேவா?"

"எல்லாமே. மழைத்தண்ணி கதவு வழியா உள்ள வந்தா வெளிய போகவே இல்ல. பஞ்சு பிடிச்சு வெச்சுக்கிச்சு."

அப்பா வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். துரு படிந்த வெறும் தரையை விரலால் சுரண்டினார். பிறகு சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "கம்பி பிரஷ் இன்னொண்ணு இருக்கா?"

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. இதோ அண்ணன் அவர் வழக்கப்படி இதோ என்று வந்தார், ஆனால் வந்த பிறகு நின்று வேலை பார்த்தார். நல்ல இரும்பு வருகிறவரைக்கும் வெட்டினார். ஒவ்வொரு வெட்டுக்கும் அப்பா தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். புதுத் தகட்டை வைத்துச் சுற்றிலும் பற்றவைத்தார்கள். போல்ட்டு வெல்டிங் வடுக்களைத் தேய்த்து மழுக்கினாள். துத்தநாகப் பிரைமர் அடித்தாள். இணைப்புகளில் பசை இட்டு அடைத்தாள். அது காய்ந்ததும் மேலே பெயின்ட், வண்டிக்கு அடியில் தார் போன்ற கறுப்புப் பூச்சு. ஒவ்வொன்றுக்கும் நடுவில் அப்பா வந்து விரலை வைத்து வைத்துப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் ரேகை விழுந்தது.

"காஞ்சிடுச்சான்னு பாக்கறேன்."

"நீங்க பாக்குறதாலதான் காயல!"

சாயங்காலம் பேட்டரியை ஏற்றினார்கள். முதலில் ஆசிட் தாங்குகிற கெட்டிப் பிளாஸ்டிக் தட்டு. அதற்குள் பேட்டரி, தண்ணீர் கோட்டளவுக்கு மட்டும். மேலே இரும்புச் சட்டம், அதில் ரப்பர் குழாய் சுற்றி, பேட்டரியின் மின் முனைகளில் படாதபடி. இரண்டு பக்கமும் கொக்கிக் கம்பி. மரையை முறுக்கினாள்.

"இன்னும் முறுக்கு," என்றார் அப்பா.

"போதும்ப்பா. ரொம்ப முறுக்கினா பெட்டி விரிசல் விட்டுடும்."

"இன்னும் ஒரே ஒரு சுத்து."

"அப்பா!"

பேட்டரிக் காற்று வெளியேறுகிற குழாயைத் தரைத் தகட்டின் துளை வழியே வெளியே விட்டாள். முனைகளில் கிரீஸ் தடவி ரப்பர் தொப்பி போட்டாள். கருகின சீட்டின் அடிக்கு அப்பா கெட்டியான ரப்பர் ஷீட்டைக் கட்டிக் கொடுத்தார். ஒட்டவோ தைக்கவோ இல்லை, கயிற்றால் கட்டியே கொடுத்தார். அதைச் செய்யும்போது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பத்தியச் சாப்பாடு சாப்பிடுகிற ஆள் மாதிரி இருந்தது. பிறகு போல்ட்டு இரண்டு கையாலும் பேட்டரியைப் பிடித்து ஆட்டினாள். பேட்டரிக்குப் பதிலாக வண்டிதான் ஆடியது.

திங்கட்கிழமை சோதனைக் கூடத்தில் வரிசை நீளமாக இருந்தது. போல்ட்டுக்கு முந்தின ராத்திரி தூக்கமே இல்லை. பேட்டரியைப் பற்றிக் கேட்டால் என்னென்ன சொல்ல வேண்டும் என்று மனப்பாடமே செய்து வைத்திருந்தாள். தட்டு, சட்டம், குழாய், பிரைமர், எல்லாம் வரிசையாக.

அதிகாரி பிரேக் பார்த்தார். விளக்கு பார்த்தார். அடியில் குனிந்து ஊசியால் குத்திப் பார்த்தார். ஊசி டங் என்றது. போல்ட்டின் நெஞ்சும் டங் என்றது. பிறகு பின்சீட்டைத் தூக்கச் சொன்னார். பேட்டரியை ஒரே ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். "ம்," என்றார். சீட்டைப் போடச் சொன்னார்.

ம்! இரண்டு நாள் உயிரைக் கொடுத்ததற்கு ஒரு ம்!

"சார், அடியில தட்டுகூட வெச்சிருக்கேன் சார். காத்துக் குழாய்..."

"தெரியுதும்மா." அவர் பின்சீட்டில் உட்கார்ந்து கதவுகளைச் சரிபார்த்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கையால் சீட்டை அமுக்கிப் பார்த்தார். இன்னொரு தடவை அமுக்கினார். "இதை யார் தைச்சது?"

அப்பா ஓரடி முன்னால் வந்தார். "நான்தான் சார்."

"முதுகு வலிக்கே நல்லா இருக்கு. எங்க ஆபீஸ் நாற்காலி ஒண்ணு இருக்கு..."

போல்ட்டு வானத்தைப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை.

வண்டி தேறிவிட்டது. வீடு திரும்புகிற வழியெல்லாம் வெறும் தகட்டுத் தரை கடகடவென்று அடித்தது. அப்பா ஒவ்வொரு கடகடவுக்கும் காதைப் பொத்திக்கொண்டார். போல்ட்டுக்கு அது மேளம் மாதிரி இருந்தது. ஹாரனை அடித்துக்கொண்டே வாசலில் திருப்பினாள்.

அம்மா போர்டிகோவின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். நகரவில்லை.

"பாஸ்!" என்று கத்தினாள் போல்ட்டு. "பாஸ் ஆயிடுச்சும்மா!"

"அப்பா போன்லயே சொல்லிட்டாரு. மாமாகிட்ட ஆள் வேணாம்னு சொல்லிட்டேன். வண்டி இங்கதான் இருக்கும். நான் சொன்ன சொல்லு மாறமாட்டேன்." அம்மா காலால் அந்த வெள்ளைத் திட்டைக் காட்டினாள். "ஆனா இந்தத் தரையில நிக்காது. கல்லு மாத்த நாளைக்கு ஆள் வர்றாங்க. வண்டி இனிமே வெளிய, தெரு ஓரத்துல."

"தெருவுலயா? மழை பெய்யுமேம்மா! இப்பதான் தரையை..."

"உன் வண்டித் தரைக்கு வெட்டி, ஒட்டி, தட்டு வெச்சு, என்னென்னவோ பண்ணினீங்களே, என் வீட்டுத் தரைக்கு என்ன பண்ணினீங்க?"

பக்கத்தில் ஒருவர் தொண்டையைச் செருமினார். தையல் யோசனை வரும்போதெல்லாம் அவர் கண்ணில் தெரிகிற அந்தப் பிரகாசம்.

"தெருவுல நிக்கட்டும், அதனால என்ன? வண்டிக்கு நான் ஒரு கவர் தைச்சுடறேன்," என்றார் அப்பா. "மேல ரெக்ஸின், ஒரு சொட்டு மழை உள்ள போகாது. உள்பக்கம் மட்டும் மெத்துனு கொஞ்சம் பஞ்சுத் துணி. பெயின்ட்டைக் கீறக் கூடாதுல்ல?"

அம்மா சிரித்தேவிட்டாள். அப்பா அளவு நாடாவை எடுத்து ஏற்கெனவே மூக்கிலிருந்து அளக்க ஆரம்பித்துவிட்டார். போல்ட்டு இரண்டு பேருக்கும் நடுவில் கார் சாவியோடு நின்றாள். வேண்டாம் என்றால் மழை தின்னும். சரி என்றால் பஞ்சு தின்னும். அம்மாவிடம் கெஞ்சிப் போர்டிகோவிலேயே ஒரு மூலை கேட்பதா, இல்லை பக்கத்தில் உட்கார்ந்து பஞ்சில்லாமல் தைக்கவைப்பதா? நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள், சீக்கிரம் சொல்லுங்களேன்? அவர் பின் பம்பர் வரைக்கும் அளந்துவிட்டார்!